வியாழக்கிழமை எடுத்த வெப்பப் படம்

பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னிக்க வேண்டும். ஆனால் இதை வாயால் சொல்ல என்னால் முடியாது.

தாபோடியிலிருந்து பஸ் ஏறித் தொழிற்சாலைகளுக்குப் போய், வெப்பம் காட்டும் கேமராவால் மின்சாரப் பேனல்களைப் படம் எடுப்பது என் வேலை. குளிர்ந்த இடம் நீலமாகத் தெரியும். ஒரு கம்பியின் முனை தளர்ந்து சூடேறியிருந்தால் அது மட்டும் வெள்ளையாக நிற்கும்; அப்படியே விட்டால் தீப்பிடிக்கும். மெஷின்கள் ஓடினால்தான் அந்தச் சூடு வரும். அதனால் எத்தனை ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டு அறிக்கையில் எழுத வேண்டும்.

போசரியில் ஒரு சிறிய கம்பெனி. அங்கே எலக்ட்ரீஷியன், பக்கத்துப் போபோடியில் குடியிருக்கும் தமிழர். தனக்கு அன்றைக்குத்தான் நேரம் இருக்கும் என்று அவரே வரச் சொல்லியிருந்தார். பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய்ப் பேனலைத் திறந்துவிட்டு, போனில் பேச ஆரம்பித்தார். கம்ப்ரசர் சத்தம் கேட்டது. எல்லாம் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். படம் முழுக்க நீலம். ஆம்பியரைக் கேட்க அவர் பேச்சை நிறுத்த வேண்டும். கூச்சமாக இருந்தது. போன தடவை எழுதிய எண்ணையே எழுதி, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சந்தோஷமாக உட்கார்ந்தேன். இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகுதான் ஏன் கூட்டமில்லை என்று உறைத்தது. வியாழக்கிழமை. அந்தப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறை. அந்தக் கம்ப்ரசரைத் தவிர மெஷின் ஒன்றும் ஓடியிருக்காது.

விசிறி இருப்பதால் அந்த எலக்ட்ரீஷியன் மத்தியானம் சாப்பிடுவதே அந்தப் பேனலுக்கு எதிரில்தான். வீட்டில் சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு. போன் செய்ய மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை யாரும் கூப்பிடாமலே போய் நின்றேன்.

"இன்னா அக்கா, நேத்து சாப்பாட்டு டப்பா எதுனா மறந்துட்டீங்களா?" என்று சிரித்தார்.

பேனலைத் திறக்கச் சொன்னேன். நடுக் கம்பியின் முனை வெள்ளையாக நின்றது. கேமராவில் எண் நூறு டிகிரியைத் தாண்டியது. பக்கத்து இரண்டும் அதில் பாதிகூட இல்லை. அவர் சிரிப்பு நின்றது.

"ஓகேன்னு எழுதிக் குடுத்தீங்களே அக்கா. நான் மேனேஜர் சாஹேப்கிட்ட குடுத்துட்டேன்."

"உங்களைக் கேக்காம ஆம்பியரை நானே எழுதிட்டேன். தப்பு என்னோடது."

மேனேஜர் இந்தியில் ஒன்றுதான் கேட்டார்: நேற்றைய அறிக்கை பொய்யா, இன்றையது பொய்யா? நேற்றையது என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இன்று சரக்கு போக வேண்டும், முழுதாக நிறுத்த முடியாது என்றார். கடைசியில் பாதி மெஷின்களை நிறுத்த ஒத்துக்கொண்டார்.

எலக்ட்ரீஷியன் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் பேனல் அறை வாசலில் நின்று, கேமராவை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் மெல்ல இறங்கியது. மாலையில் மெஷின்கள் நிற்கும்வரை அங்கேயே நின்றேன்.

மறுநாள் காலை மின்சாரத்தை நிறுத்தி, அந்த முனையை வெட்டிப் புதிதாகப் போட்டார்கள். இனித் தனியாக வேண்டாம் என்று என் ஆபீஸில் என்னை இன்னொருவருடன் சேர்த்து விஷ்ராந்த்வாடிப் பக்கம் வேலைக்கு அனுப்பினார்கள்.