நான் எழுதிய சாட்சி

திருவொற்றியூரில் நான் ஒன்றேகால் வருடம் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் நான் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், சென்னையில் ஒரு சிறிய சபை வேதாகமப் பயிற்சிக்குப் பெண்களை எடுக்கிறது என்று கேள்விப்பட்டேன். சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு. கர்த்தர் அழைத்தார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். உண்மையில் என்னை அழைத்தது சாப்பாடுதான்.

சபை ஒரு பழைய கிடங்கின் கீழ்த்தளத்தில் கூடியது. மேலே ஒரே அறையில் நாங்கள் நான்கு பெண்கள் இருந்தோம். வெளிநாட்டுக்காரியான நான் இங்கே தங்க வேண்டுமென்றால் அவ்வப்போது பாஸ்டர் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதத்துக்காக நான் எதையும் செய்வேன் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

என் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை. ஆமாம் என்பதற்கு நாங்கள் ‘ஓம்’ என்போம். முதல் வாரமே ஒரு அம்மா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், “அத்த மட்டும் சபைக்குள்ள சொல்லாத சிஸ்டர், மந்திரம் மாதிரி கீது” என்றார். ஆனால் நான் வாசிப்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது. அதனால் பாஸ்டர் சாட்சி நோட்டை என்னிடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், அந்த வாரம் கர்த்தர் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராக என் பக்கத்தில் வந்து சொல்வார்கள். அதை நல்ல தமிழில் எழுதி ஞாயிற்றுக்கிழமை நான் வாசிப்பேன். யாருடைய சாட்சியோ அவர் முன்னால் வந்து நிற்பார். எழுதுகிற கைக்குக் கொழுப்பு ஏறும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அரை வரி சொல்வார்கள், நான் ஆறு வரி எழுதுவேன்.

தினமும் மாலை ஆறு மணிக்கு ஜெப நடை. இரண்டு இரண்டு பேராகத் தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு கதவுக்கும் வாய்க்குள்ளேயே ஜெபம் செய்ய வேண்டும். எனக்குத் துணையாக வந்தவர் ஒரு அக்கா. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர்களுக்கு இட்லி விற்பவர். கணவர் இறந்தபோது வந்து தூக்கிப் புதைத்தது சபைதான், வேறு நாதி கிடையாது அவருக்கு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையில், பல்லெல்லாம் மண் நறநறக்க நாங்கள் நடப்போம். கொடுங்கையூர்ப் பக்கமிருந்து குப்பைப் புகை வரும் நாட்களில் அவர் தன் முந்தானையில் பாதியை என் மூக்குக்குத் தருவார். எந்த வீட்டில் யாருக்குச் சண்டை, எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை என்று எல்லாம் சொல்லி, “இந்தூட்டுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா ஜெபம் பண்ணு” என்பார். அந்த ஊரில் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரே ஆள் அவர்.

அக்காவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை வியாதி. ஒரு வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் வந்து, “சுகர் கொஞ்சம் கொறைஞ்சிக்கினு வருதுன்னு டாக்டரு சொன்னாரு, ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டுப் போனார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் குறையத்தானே செய்யும். இதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று எனக்கு எரிச்சல் வந்தது. அன்று மாடியில் உட்கார்ந்து, ‘ஆண்டுக்கணக்காய் என்னை வாட்டிய நீரிழிவு ஒரே ஜெபத்தில் அற்றுப்போயிற்று’ என்று எழுதினேன். அங்கே நிறுத்தினால் மொட்டையாகத் தெரிந்தது. ‘இனி எனக்கு மருந்து வேண்டியதில்லை’ என்று சேர்த்தேன். எனக்கே புல்லரித்தது.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தபோது சபை அல்லேலூயா என்று அதிர்ந்தது. அக்கா முன்னால் வந்து நின்றார். பாஸ்டர் அவர் தலையில் கை வைத்து, விசுவாசத்தோடு மாத்திரையைக் கொண்டுவந்து வையுங்கள் என்றார். அக்கா சுருக்குப்பையைத் திறந்து, பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவரால் மாத்திரை வாங்க முடியவில்லை. மருந்துக்கடை வைத்திருந்த தெற்கத்தி அண்ணாச்சி எங்கள் சபை மூப்பர். அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்கள் வரிசையில் நின்றால் பாதிப் பேர் சபைக்காரர்கள். பொய் சாட்சி சொன்னவர் என்று ஆகிவிட்டால் அங்கே நற்கருணை கிடையாது, கடைசி வரிசையில்தான் உட்கார வேண்டும், நடைக்கும் யாரும் கூட வரமாட்டார்கள். சாவு விழுந்தால்கூட எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

இரண்டு மாதம் போயிருக்கும். மார்க்கெட்டில் ஒரு இரும்புச் சீவல் ரப்பர் செருப்பைத் துளைத்து அக்காவின் பாதத்தில் ஏறிவிட்டது. “வலியே தெரியல சிஸ்டர்” என்று சந்தோஷமாகச் சொன்னார். சர்க்கரை வியாதிக்காரரான என் பெரியப்பாவும் இப்படித்தான் வலிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லியே காலை இழந்தார். அது நினைவுக்கு வந்தது. நல்லது அக்கா என்றேன்.

ஒரு மாலை கடலோரக் கற்களில் ஏதோ ஒன்றின்மேல் அவர் தொப்பென்று உட்கார்ந்தார். பாதம் வீங்கி, புண்ணின் ஓரம் கறுத்திருந்தது.

“நீ கொஞ்சம் ஜாஸ்தியா எழுதிட்டேன்னு பாஸ்டராண்ட ஒரு வார்த்த சொல்லிடு. அவ்ளோதான். நான் நாளிக்கே ஆஸ்பத்திரிக்குப் போறேன்” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தைதான். அடுத்த வாரம் என் கடிதத்தில் பாஸ்டர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

“நீங்கள்தானே அக்கா முன்னுக்கு வந்து நிண்டனீங்கள்? அப்பவே இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே. விசுவாசம் குறைஞ்சு போச்சோ?” என்று கேட்டேன்.

என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளிலேயே கேவலமானவை அவை. கோபத்தில் சொல்லவில்லை. நிதானமாக, பிரசங்கம் செய்கிற குரலில் சொன்னேன். அக்கா என் கையை விட்டார். “அப்டியா சொல்ற, சரி” என்று எழுந்தார். மிச்சமிருந்த மூன்று தெருவையும் நடந்து முடித்தோம். நான் வழக்கத்தைவிடச் சத்தமாக ஜெபித்தேன்.

அடுத்த ஞாயிறு வெளியூரிலிருந்து ஊழியக்காரர்கள் வந்திருந்தார்கள். அந்த சுகர் சாட்சியை மறுபடி வாசியுங்கள் என்றார் பாஸ்டர். வாசித்தேன். எங்கே நிறுத்தினால் ஜனங்கள் அழுவார்கள் என்று இப்போது எனக்குத் தெரிந்திருந்தது. அக்கா வந்து நின்றார். காலில் சாக்ஸ் போட்டிருந்தார். சாத்தாங்காட்டில் இட்லி விற்கிற பெண் சாக்ஸ் போட்டு நான் பார்த்ததில்லை. நிறையப் பவுடர் கொட்டியிருந்தார், அதையும் மீறி அழுகல் வாடை வந்தது. பக்கத்தில் நின்ற நான் மூச்சை அடக்கிக்கொண்டு கடைசி வரியை முடித்தேன்.

புதன்கிழமை மார்க்கெட்டில் மயங்கி விழுந்தார். சுமை தூக்குகிறவர்கள் ஒரு மினி லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிறு பாஸ்டர் சபைக்கு அறிவித்தார். “நம்ம சகோதரி ஆஸ்பத்திரியிலேர்ந்து போன்ல என்கிட்ட அறிக்கை பண்ணிட்டாங்க. சுகர் போகவே இல்லை, பெருமைக்காக வாயில் வந்ததைச் சொல்லிட்டேன்னு ஒத்துக்கிட்டாங்க. சிலோன் சிஸ்டர் கேட்டதைத்தான் எழுதினாங்க, அவங்க மேல குத்தம் இல்லை.” நோட்டில் அந்தப் பக்கத்தை அடிக்கச் சொன்னார். எல்லோரும் பார்க்க, ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டேன். பின்வரிசை அம்மா ஒருவர் பாவம் பிள்ளை என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார். நான் நோட்டை மூடி வைத்தேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சபையிலிருந்து வேறு யாரும் போகவில்லை. என்னைப் பார்த்ததும் அக்கா கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார்.

“ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

“உன்னிய அனுப்பிட்டாங்கன்னா நீ எங்க போவ? எனக்கு எப்டியும் கால் பூட்ச்சி” என்றார். பிறகு, “லெட்டர் குட்தாரா பாஸ்டரு?” என்று கேட்டார்.

கொடுத்துவிட்டார் என்றேன். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வெட்கமாவது வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது நிம்மதி. இவர் இனி யாரிடமும் உண்மையைச் சொல்லமாட்டார் என்ற நிம்மதி.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. ஆறு மணி நடைக்குப் போக வேண்டும் என்று எழுந்தேன்.

“இப்ப உன்னோட யார் வர்றா?” என்று கேட்டார்.

புதிதாகச் சேர்ந்த ஒருவரை விட்டிருக்கிறார்கள் என்றேன்.

“ரோட்டக் கடக்கறப்ப அந்தம்மா கையப் புடிச்சிக்கோ. லாரிக்காரன் பாக்கமாட்டான்” என்றார் அக்கா.