ஆளை வளர்க்கிற லட்சணம்

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வேதியியல் பட்டத்தோடு பாதுகாப்புப் பிரிவுக்கு டிரெய்னியாகச் சேர்ந்தேன். "இளசுகளை வளர்த்துவிடுறதுதாம்மா எனக்கு முக்கியம்" என்று மேனேஜர் முதல் நாளே மார்தட்டினார். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மருந்து அடைக்கும் அறைச் சுவரில் 'நான்கு பேர் மட்டும்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். உள்ளே ஆறு பேர் இருப்பார்கள். ஆறாவது ஆள் என் அம்மா. ஓர் உரசல் போதும், தீப்பிடித்தால் நெரிசலில் வாசலுக்கு வர வழியிருக்காது. அம்மாவை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்றுதான் அந்த வேலையையே தேடிப் போனேன்.

எனக்குக் கிடைத்த பயிற்சியோ வேறு. சோதனை ஜீப் சாத்தூர் ரோட்டில் வரும்போதே மேனேஜருக்கு போன் வந்துவிடும். உடனே நான் அறை அறையாக ஓடி, கூடுதல் ஆட்களைக் கிளப்பிப் பின்னால் இருக்கும் கருவேலங்காட்டுக்கு அனுப்ப வேண்டும். செருப்பையும் கையோடு எடுத்துப்போகச் சொல்ல வேண்டும். வாசலில் ஒரு ஜோடி மிஞ்சினாலும் குட்டு உடைந்துவிடும்.

"இதெல்லாம் காலேஜ்ல சொல்லித்தர மாட்டாக, கத்துக்கம்மா" என்பார். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

சீசன் நேரத்தில் ஒருநாள் ஜீப் வந்தது. அம்மாவை நானே காட்டுக்குள் விரட்டிவிட்டு வந்து நின்றேன். வந்த அதிகாரி என்னைப் பார்த்து, "இந்த ரூம்ல எத்தனை பேரும்மா?" என்றார்.

"ஆறு பேர் சார். ரெண்டு பேரு காட்டுக்குள்ள இருக்காக."

மேனேஜர் பதறவே இல்லை. சிரித்தார். "டிரெய்னி சார். பயத்துல உளறுது. பழகினாச் சரியாயிரும்."

அதிகாரி உள்ளே இருந்தவர்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு பேர் பிடரியிலும் ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

புழுதி அடங்கும் முன்பே அம்மா பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு புள்ள. இருக்க பொழப்பும் போயிரும்" என்று என்னைத்தான் கடிந்தாள்.

மேனேஜர் என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. அடுத்த சோதனையின்போது ஆட்களைக் கிளப்ப வேறொரு பெண் ஓடிவந்தாள். புது டிரெய்னி. "அக்கா, சார் உங்களையும் போகச் சொன்னாக" என்றாள்.

காட்டுக்குள் அம்மா முள்ளை ஒதுக்கி இடம் போட்டிருந்தாள். "இங்கன நிழலா இருக்கு, வந்து உக்காரு."

கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தது.