மூன்று நாள் தங்கம்

அண்ணன் லிப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களைக் கதவை நெம்பி வெளியே எடுத்தவர். எடுத்த கையோடு, "எட்டு பேர்னு போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா, எண்ணத் தெரியாதா?" என்று அர்ச்சனையும் செய்து அனுப்புவார்.

போன வருடம் லிப்ட் குழிக்குள்ளிருந்து ஒரு குரல் தன்னைக் கூப்பிடுவதாகச் சொல்லி அதனோடும் சண்டை பிடித்தார். மனநல மருத்துவர் மாத்திரை எழுதினார். குரல் அடங்கவில்லை, மாத்திரையைக் கூட்டினார். நாலாம் நாள் அண்ணன் வாயை மூடினார். வீட்டில் ஒரே கொண்டாட்டம்.

"உங்கண்ணன் தங்கமா மாறிட்டாரு தம்பி. உட்கார வச்சா உட்கார்ந்த இடத்துலயே இருக்காரு," என்றார் அண்ணி போனில். மேல்வீட்டு வாத்தியார் நேரில் வந்து பாராட்டினாராம். லேசாகக் காய்ச்சலாம், ஊரெல்லாம் இருக்கிறதுதானே.

அண்ணன் வாயை மூடிய மூன்றாம் நாள் வீடியோவில் அழைத்தேன். அண்ணன் முகம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதென்று இரண்டு முறை துண்டித்து, இணைப்புக் கம்பெனியை எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் திட்டினேன். மறுபடி அழைத்தபோதுதான் கண்ணில் பட்டது: அவர் தலைக்குப் பின்னால் கடிகாரத்தின் நொடிமுள் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணி, அவர் கையை மடக்கிப் பாருங்க."

"எங்க மடங்குது, கம்பி மாதிரி இருக்கு. சட்டை மாட்டவே ரெண்டு பேர் வேணும்."

"உடம்பு?"

"அனலாக் கொதிக்குது. வேர்வை வேற. ஆனா மாத்திரை ஒரு வேளைகூட விடல தம்பி," என்றார் பெருமையாக.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. மாத்திரையோடு வரும் பொடி எழுத்துத் தாளை யாரும் படிக்கமாட்டார்கள். நான் மனப்பாடமே செய்திருந்தேன். விறைப்பு, காய்ச்சல், வேர்வை: மூன்றும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

"இனிமே ஒண்ணுகூடக் குடுக்காதீங்க. மாத்திரை அட்டையை எடுத்துக்கிட்டு பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்க. இப்பவே."

மாத்திரைதான் உடம்பை முறுக்கியிருந்தது. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கத் தொடங்கியிருந்தது. மாத்திரையை நிறுத்தி, சலைன் ஏற்றி, ஐஸ் பை அடுக்கி, தீவிர சிகிச்சையில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா," என்று ஆரம்பித்த டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவேயில்லை.

பத்தாம் நாள் போனில் அண்ணன் குரல் கேட்டது. என்னிடம் அல்ல, கட்டில் தள்ளுபவரிடம். "இந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் காட்டி எத்தனை வருஷமாச்சு?" முழு அர்ச்சனையும் முடியும்வரை போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சில வாரம் பொறுத்து வேறு மாத்திரை, குறைந்த அளவில் தொடங்கினார்கள். அண்ணன் வீட்டில் மறுபடி சத்தம். மேல்வீட்டு வாத்தியாருக்குத்தான் மனசு ஆறவில்லை.

"என்ன இருந்தாலும், அந்த மூணு நாள் மாதிரி வராதும்மா," என்றாராம் அண்ணியிடம்.