பேசிக்கொண்டே ஏறிய மலை

கல்யாணமாகி நான் அமெரிக்காவில் சான்டா கிளாரா வந்து சேர்ந்ததும், என் கணவர் பேசாத மனிதர் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொண்டேன். கோபக்காரர் இல்லை. சமைத்ததைக் குறை சொல்ல மாட்டார். சனிக்கிழமை ஆனால் அழுக்குத்துணிக் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு கீழே வாஷிங் மெஷின் இருக்கும் அறைக்குப் போவார். ஆனால் பேச்சு மட்டும் வராது. "சாப்பாடு எப்படிங்க?" என்றால் "நல்லாருக்கு." "ஆபீஸ்ல இன்னைக்கு என்னங்க விசேஷம்?" என்றால் "ஒண்ணுமில்ல." அவ்வளவுதான்.

பொள்ளாச்சியில் எங்கள் வீட்டில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பித்துவிடுவார். அப்படி வளர்ந்தவளுக்கு அந்தச் சின்ன அபார்ட்மென்டின் அமைதி தாங்கவில்லை. என்னைப் பிடிக்கவில்லையோ, வீட்டில் வற்புறுத்தியதால் தலையாட்டிவிட்டாரோ என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டே இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றும் அவர் எங்கள் வீட்டுத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வேலை பார்க்க விசா இல்லை, கார் ஓட்டவும் தெரியாது. அதனால் நடந்தேன். அவர் ஆபீஸ் போனதும் ஸ்போர்ட்ஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினால், இந்தியன் கடை, லைப்ரரி, பார்க் என்று சுற்றிவிட்டு வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவேன். அந்த ஊரில் நடைபாதை இருக்கும், நடக்கிறவர்கள் இருக்க மாட்டார்கள். ஒரு தடவை ஒருவர் காரை ஓரம் கட்டி, "உங்க கார் ரிப்பேரா? உதவி வேணுமா?" என்று அக்கறையாகக் கேட்டார். சும்மா நடக்கிறேன் என்று சொன்னதை அவர் நம்பினமாதிரி தெரியவில்லை.

ஆகஸ்ட் மாதம் அவருடைய ப்ராஜெக்ட் ஒருவழியாக முடிந்தது. அவருடைய மேனேஜர் ஒரு அமெரிக்கர். அவருக்கு மேமத் லேக்ஸ் என்ற ஊரில், சியெரா மலைமேல், சொந்தமாக ஒரு சின்ன வீடு இருந்தது. "பனிக்காலத்துலதான் நாங்க போவோம். இப்ப பூட்டித்தான் கிடக்கு. புதுசா கல்யாணம் ஆனவங்க, நீங்க போயிட்டு வாங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். சாவியை மேஜையில் வைத்தபடி இதை என் கணவர் எத்தனை சொற்களில் சொன்னார் தெரியுமா? "வெள்ளிக்கிழமை மலைக்குப் போறோம்."

அது பனியில் சறுக்கி விளையாட வருகிறவர்களுக்காகவே உண்டான ஊர். பனி வழுக்கி விழுவதற்காக வீட்டுக் கூரையெல்லாம் செங்குத்தாக இருந்தது. ஆட்களை மேலே ஏற்றிப்போகும் நாற்காலிகள் கம்பியில் வரிசையாக வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன. கடைவாசலில் சறுக்குக் கட்டைகளைப் பாதி விலைக்குப் போட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தெருமுனையில் ஒரு மலை நின்றது. அன்று சாயங்காலம் நான் பாத்திரத்தில் வைத்த சோறு எவ்வளவு நேரம் கொதித்தும் வேகவில்லை. "உசரமான இடத்துல தண்ணி சீக்கிரமே கொதிச்சிடும், ஆனா அந்தச் சூடு அரிசிக்குப் பத்தாது" என்றார் அவர். அதுவரை அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். நறுக் நறுக்கென்று இருந்த சோற்றை ரசத்தில் ஊறவைத்துச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் ரொட்டிக்கு நடுவில் தக்காளித் தொக்கைத் தடவி, ஆரஞ்சுப் பழங்களோடு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். தார் ரோடு முடியும் இடத்தில் காரை நிறுத்தினார். "முதல் ஏரியைப் பாத்துட்டு மத்தியானத்துக்குள்ள திரும்பிடலாம்."

பைன் மரங்களுக்கு நடுவே பாதை ஏறியது. வெயில் பட்டதும் அந்த மரப்பட்டையிலிருந்து ஒரு இனிப்பு வாசனை வரும், கேக் வேகிற வாசனை மாதிரி. நான் ஒரு மரத்தில் மூக்கை வைத்தே பார்த்துவிட்டேன். முதல் ஏரி ஒரு திருப்பத்தில் திடீரென்று வந்தது. அடியில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் தெரிகிற தண்ணீர். கரையில் இரண்டு பேர் தூண்டிலைப் போட்டுவிட்டுத் தொப்பியால் முகத்தை மூடிப் படுத்திருந்தார்கள்.

"இதுக்கு மேல என்னங்க இருக்குது?" என்று கேட்டேன்.

மேப்பைப் பிரித்தார். "இன்னொரு ஏரி."

"அதுக்கு மேலங்க?"

"இன்னொண்ணு. அப்புறம் ஒரு கணவாய். அதைத் தாண்டினா பெரிய ஏரி ஒண்ணு." உடனே மேப்பை மடித்துவிட்டார். "அதெல்லாம் ரொம்ப தூரம்."

"அடுத்தது வரைக்கும் மட்டும் போலாங்க."

அடுத்ததும் வந்தது. அதன் கரையில் மஞ்சளும் ஊதாவுமாகப் பூ மண்டிக் கிடந்தது. அதற்கடுத்த ஏரியில் மரங்கள் குறைந்து பாறை அதிகமாகிவிட்டது. ஒரு பாறைமேல் கொழுத்த அணில் மாதிரி ஒரு பிராணி படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. என் கால்களுக்குக் களைப்பே தெரியவில்லை. ஒவ்வொரு ஏரியிலும் அவர் "போதுமா?" என்பார், நான் "இன்னும் ஒண்ணுங்க" என்பேன். மறுத்துப் பேசவும் பேச்சு வேண்டுமே, பாவம், பின்னாலேயே வந்தார்.

கணவாய்க்குக் கீழே பாதை மாறிவிட்டது. பாறைச் சரிவில் இப்படியும் அப்படியுமாக வெட்டிய ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. கடைசியாகப் பார்த்த ஏரி காலடியில் ஒரு தட்டு அளவுக்குச் சிறுத்துத் தெரிந்தது. இரண்டாவது வளைவில் பின்னால் ஷூ சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவர் பாறைச்சுவரில் உள்ளங்கையை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னங்க ஆச்சு?"

"எனக்கு உசரம்னா ஆகாது" என்றார். "சின்ன வயசுலேருந்தே ஆகாது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் பக்கமே போகமாட்டேன்."

"ஐயோ, முன்னாடியே சொல்லக்கூடாதுங்களா? வாங்க, திரும்பிடலாம்."

"இல்ல, நீ போ. நீ ஆசைப்படற. நான் வர்றேன். பேசிக்கிட்டே வந்தா கொஞ்சம் பரவாயில்ல. கீழ பாக்காம பேசிக்கிட்டே வரணும், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு நிஜமாகவே பேச ஆரம்பித்தார்.

குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. ஈரோட்டில் அவர் படித்த ஸ்கூலில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறச்சொல்லிப் பையன்கள் பந்தயம் கட்டியது, பாதியில் மாட்டிக்கொண்ட இவரை வாட்ச்மேன் தோளில் போட்டு இறக்கியது. அமெரிக்கா வந்த புதிதில் ஃபோன் மணி அடித்தாலே இங்கிலீஷுக்குப் பயந்து பாத்ரூமுக்குள் போய்விடுவது. நான் முன்னால் நடந்தேன். அவர் என் முதுகுப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை என் பின்னல்மேல் வைத்தபடி வந்தார். பேச்சு நின்றால் கால் நின்றுவிடும் என்பது எனக்கும் புரிந்துவிட்டது. அதனால் கதை முடியும்போதெல்லாம் ஒரு கேள்வி போட்டேன்.

"என்னைப் பாக்க வந்தீங்கல்ல, அன்னைக்கு ஏனுங்க நிமிர்ந்தே பாக்கல?"

"நிமிர்ந்தா வாந்தி வந்திருக்கும். உங்க வீட்டுக்கு வர்ற வழியில பஸ் ஸ்டாண்டுல வடை சாப்பிட்டேன். வயிறு அப்படிப் பண்ணிச்சு. ஆனா நீ உள்ள போகும்போது பாத்தேன். கதவுகிட்ட உன் தங்கச்சிகிட்ட என்னமோ சொல்லிச் சிரிச்ச. என்ன சொன்ன?"

"மாப்பிள்ளை நம்ம வீட்டுத் தரை சரியில்லைன்னு கண்டுபிடிச்சுட்டாருன்னு சொன்னேன்."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சரிவில், அவ்வளவு பயத்திலும். அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தைரியம் வந்து அடுத்ததையும் கேட்டேன். "அப்புறம் வீட்டுல ஏனுங்க எங்கிட்ட பேசறதே இல்ல?"

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்கப்பாவும் அம்மாவும் பேசிக்கிட்டு நான் பாத்ததே இல்ல. சண்டையெல்லாம் ஒண்ணும் கிடையாது. பேச மாட்டாங்க, அவ்வளவுதான். ஆபீஸ்லேருந்து வர்றப்ப இன்னைக்கு இதைச் சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே டிரைவ் பண்ணுவேன். கதவைத் திறந்தா நீ நிப்ப. எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியாது. நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு மாசம் ரசம் வைக்கக் கத்துக்கிட்டேன், நீ வந்த அன்னைக்கு நானே சமைச்சுப் போடணும்னு. ஒருநாள்கூட நல்லா வரல. அதையும் சொல்லல."

நான் முன்னால் நடந்துகொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கணவாய்க்குச் சற்றுக் கீழே பாதைமேல் பனி கிடந்தது. அந்த வருஷம் குளிர்காலத்தில் கடுமையாகப் பெய்ததில் ஒரு பட்டை இன்னும் உருகாமல் சரிவோடு சரிவாகப் படிந்திருந்தது. குறுக்கே காலடித் தடங்கள் போயின. நான் முதல்முதலாகப் பனியைத் தொட்டது அன்றைக்குத்தான். உப்பு மாதிரி நறநறவென்று இருந்தது. ஒரு கை அள்ளி வாயில்கூடப் போட்டுப் பார்த்தேன். அவரோ அதன் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னால முடியாது. நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இங்கயே இருக்கேன்."

அப்போது எதிரே ஒரு குடும்பம் வந்தது. முன்னால் ரோஸ் தொப்பி போட்ட ஒரு சின்னப்பெண், ஆப்பிளைக் கடித்துக்கொண்டே, வீட்டு ஹாலில் நடக்கிற மாதிரி அந்தப் பனியைக் கடந்து வந்து எங்களுக்கு "ஹாய்" சொல்லிவிட்டுப் போனாள். என் கணவர் அவள் போவதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"சிரிக்காத."

"நான் சிரிக்கலீங்க."

எழுந்து கையை நீட்டினார். கல்யாணத்தில் கைப்பிடித்ததைவிட இறுக்கமாகப் பிடித்தார். நான் தடத்தில் கால் வைத்து, அது நிற்கிறதா என்று பார்த்து, "வாங்க" என்பேன். அவர் அதே தடத்தில் கால் வைப்பார். இடையில் அவருடைய பேச்சுக்கூட நின்றுவிட்டது. அதனால் நான் பேசினேன். நான் டிரைவிங் கத்துக்கணும், கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, ஏதாவது காலேஜில் மேலே படிக்கணும், ஞாயிற்றுக்கிழமையாவது வெளியே கூட்டிப்போகணும் என்று இத்தனை மாதமாக மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். "சரி. சரி. எல்லாம் சரி" என்றார். பாறையில் கால் வைத்தபிறகு, "பனிமேல நிக்கறப்ப வாங்கின சத்தியம் செல்லாதுன்னு சொல்லக்கூடாதுங்க" என்றேன். "சொல்லமாட்டேன்" என்றார்.

கணவாயின் மேல் ஏறி நின்றோம். அந்தப் பக்கம் மலைகளுக்கு நடுவே அந்தப் பெரிய ஏரி கிடந்தது. அப்படி ஒரு நீலம். ஓரத்தில் பச்சையாகத் தொடங்கி, நடுவில் மைபோலக் கறுத்துக் கிடந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் தண்ணீர்மேல் வெயில் சிதறி ஓடியது. எங்களைத் தவிர அங்கே யாருமில்லை. கரைவரை இறங்கி, ஷூவைக் கழற்றிக் கால் நனைத்தோம். அடுத்த நொடியே அலறிக்கொண்டு இருவரும் வெளியே எடுத்தோம். தொக்கு தடவிய ரொட்டி அன்றைக்கு விருந்துச் சாப்பாடுபோல இறங்கியது. அவர் ஆரஞ்சை உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாக என் கையில் வைத்தார்.

"பயம் போயிடுச்சுங்களா?"

"போகல. திரும்பி அதே வழியாத்தான இறங்கணும்" என்றார். "பரவாயில்ல. உன்னை இன்னும் நெறைய கேக்கணும்."

இறங்கும்போது அவர் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன். பனிப்பட்டையை உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்துக் கடந்தார். பேன்ட் பின்பக்கம் முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டது. அதோடுதான் ஊர்க் கடைத்தெருவில் நின்று எனக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் அவரால் மாடிப்படி இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் "அம்மா" என்றார். காரிலேயே போகக்கூடிய ஒரு ஏரியில் துடுப்புப் படகு எடுத்தோம். இரண்டு பேருக்கும் துடுப்புப் போடத் தெரியாது. படகு நடு ஏரியில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் படகுக்காரரே மோட்டார் படகில் வந்து எங்களை இழுத்துக்கொண்டு போனார்.

ஊர் திரும்பிய வாரமே மூடியிருந்த ஒரு கடையின் காலி பார்க்கிங்கில் எனக்கு டிரைவிங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அடுத்த வருஷம் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். அவர் ஒன்றும் வாயாடியாக மாறிவிடவில்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் நடக்கப் போவது வழக்கமாயிற்று. நடக்கிற நேரத்தில் பேசுவார்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஜூலையில் மகளையும் தூக்கிக்கொண்டு அந்த மலைக்குப் போனோம். அவளுக்கு ஒரு வயது முடிந்திருந்தது, அப்பாவின் முதுகுக் கூடையில் உட்கார்ந்து அவர் காதைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை முதல் ஏரியோடு சரி. இறக்கிவிட்டதும் தன் ஷூவில் ஒன்றைக் கழற்றி, ஒரு யோசனையும் இல்லாமல் தண்ணீரில் எறிந்தாள். அது மிதந்துகொண்டே போனது. இவர் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு இறங்கினார். "ஐயையோ, ஐயையோ" என்று அவர் குளிரில் கத்தின கத்தலில், கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மகளுக்கு ஒரே குஷி. இன்னொரு ஷூவையும் கழற்ற ஆரம்பித்தாள்.