இரைச்சலுக்கு அமுதவல்லி சொன்ன தீர்ப்பு

ஏரியூர்ப் பக்கம் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக்செட்டுக்கு அமுதவல்லியைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நாற்பத்தொரு வயது, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு. புருஷன் மாதப்பன் வேன் ஓட்டுவான், பாக்ஸ் தூக்குவான், மற்ற நேரம் வாயைத் திறக்கமாட்டான். வயரை மிதித்தவனுக்குத் திட்டு, மைக்கைத் தட்டிப் பார்ப்பவனுக்குத் திட்டு, சவுண்டு பத்தவில்லை என்று வந்து நிற்கும் விழாக் கமிட்டிக்காரருக்கு நாலு பேர் முன்னால் திட்டு. ஒருமுறை கட்சிப் பிரமுகர் ஒருவர் மைக்கை வாயோடு ஒட்டிவைத்து முழங்கியபோது, மேடையேறிப் போய் அதை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு இறங்கினாள். மனுஷன் கூட்டம் முடியும்வரை அந்த ஒரு சாணைத் தாண்டவில்லை.

ஊர் இவ்வளவையும் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அவள் செட்டில் இரைச்சல் இருக்காது. தொழிலில் அதை ‘ஹம்’ என்பார்கள். எர்த் சரியில்லை, வயரில் பிசகு என்றால் பாக்ஸுக்குள் வண்டு புகுந்த மாதிரி ‘ம்ம்ம்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் பாட்டைச் சத்தமாக வைத்து அதை அமுக்கிவிடுவார்கள். அமுதவல்லி அமுக்கமாட்டாள். ஈர மண்ணாகத் தேடி எர்த் கம்பியை அடித்து, ஒவ்வொரு ஜாக்காகப் பிடுங்கிச் சொருகி, அந்த ‘ம்ம்ம்’ செத்த பிறகுதான் முதல் பாட்டைப் போடுவாள்.

அப்படிப்பட்டவளிடம் போய், இரைச்சலையே ஆல்பமாகப் போட்டிருக்கிறேன், கேட்டுச் சொல் என்று நின்றான் அவள் தம்பி.

தம்பி ரஞ்சித்குமாருக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறானால் கிடார். அவனும் சினேகிதர்கள் இரண்டு பேரும் வாசிப்பதற்கு ட்ரோன் மெட்டல் என்று பெயர். கிடார்க் கம்பியைத் தொளதொளவென்று தளர்த்திவிட்டு ஒரே ஒரு சுரத்தை அடிப்பார்கள். பெரிய ஆம்ப்ளிஃபயரில் அது ஐந்து நிமிடம், பத்து நிமிடம் உறுமிக்கொண்டே கிடக்கும். தாளம் வந்தால் வரும். பல்லவி, சரணம் எதிர்பார்ப்பவன் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீடு போய்ச் சேரலாம். இதற்கும் உலகம் பூராவும் ஆள் இருக்கிறதாம், விமர்சனம் எழுதுகிறார்களாம். எழுதட்டும், அதில் அமுதவல்லிக்கு ஒரு வழக்கும் இல்லை.

வழக்கு வேறு. ஆல்பத்துக்கு அவன் வைத்திருந்த பெயர் ‘கிருஷ்ணப்பன் காடு’. கிருஷ்ணப்பன் அவர்களுடைய அப்பா. காடு என்பது அவருடைய ரெண்டரை ஏக்கர் மானாவாரி நிலம். ஐந்து வருடத்துக்கு முன்னால் கரண்டு கம்பெனி ஒன்று அதன் நடுவில் டவரை நட்டு, தலைக்கு மேலே பெரிய லைனை இழுத்துக்கொண்டு போனது. அந்த லைன் போடும் சத்தத்தை ரஞ்சித்குமார் நாலு நாள் மைக் வைத்துப் பிடித்து, அதன்மேல் கிடாரை ஏற்றியிருந்தான். அட்டையில் அப்பா பெயர், அப்பா படம். திங்கட்கிழமை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

அப்பாவிடம் சம்மதம் கேட்டதற்கு அவர், “சத்தத்தப் பத்தி எனக்கென்னடா தெரியும்? உங்கக்காளக் கேளு. அவ செரின்னா செரி, வேண்டாம்னா வுட்டுரு,” என்று சொல்லிவிட்டார். ஆக, அப்பாவின் பெயர் அட்டையில் நிற்பதும் போவதும் அமுதவல்லியின் ஒரு வார்த்தையில் இருந்தது.

‘வேண்டாம்’ என்ற அந்த வார்த்தையை அவள் ஆல்பத்தைக் கேட்பதற்கு முன்னாலேயே தயார் பண்ணி வைத்திருந்தாள். பின்னே? டவருக்கு எதிராக மனு எழுதிக்கொண்டு தருமபுரிக்கு அலைந்தவள் அவள். குழி தோண்ட மெஷின் வந்த அன்று அப்பாவோடு அதன் முன்னால் படுத்தவள் அவள். மூன்று புளியமரம் சாய்ந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவளும் அவள்தான். அன்றைக்குத் தம்பிக்கு எட்டுத் தடவை போன் போட்டாள். எட்டாவது தடவை எடுத்து, “லீவு கெடைக்கலக்கா,” என்றான். லீவு கிடைக்காதவனுக்கு இப்போது மைக் வைக்க மட்டும் நாலு நாள் கிடைத்துவிட்டதாக்கும்.

சனிக்கிழமை மத்தியானம், அந்தக் காட்டிலேயே இருக்கும் அப்பா வீட்டை ஒட்டி அவள் பாக்ஸ்களை அடுக்கி வைத்திருக்கும் தகரக் கொட்டகையில் கேட்பது என்று ஏற்பாடு. அப்பா ஆடு ஓட்டிக்கொண்டு கரட்டுக் குன்றுப் பக்கம் போயிருந்தார்.

“முழுசாக் கேளுக்கா. அம்பத்திரண்டு நிமிசம். நடுவுல நிறுத்தக் கூடாது.”

“எனக்கே சட்டம் சொல்றியா? போடு.”

போட்டான். பாக்ஸ் ‘ம்ம்ம்’ என்றது. அவ்வளவுதான், அமுதவல்லி பாய்ந்துபோய் ஜாக்கைப் பிடுங்கினாள். துடைத்துச் சொருகினாள். எர்த் கம்பியை ஆட்டிப் பார்த்தாள், குடத்தைத் தூக்கிவந்து அதன் அடியில் தண்ணீர் ஊற்றினாள். ‘ம்ம்ம்’ அப்படியே இருந்தது. மிக்ஸரில் பேஸ் என்கிற அடிச்சத்தத்தை முழுசாகக் குறைத்தாள். ஆல்பமே காணாமல் போயிற்று.

“அக்கா, ஒயர்ல ஒண்ணுமில்ல. அதான் பாட்டு.”

“தெரியுது, கம்முனு இரு,” என்று எரிந்து விழுந்தாள். தெரிந்திருந்தால் ஒரு குடம் தண்ணீரை ஏன் ஊற்றுகிறாள்?

முதல் பாட்டு பதினெட்டு நிமிடம். பாதியில் ஒருவன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு அலறினான்.

“இவன யாரு கூப்புட்டா?”

“அது வேதனைக்கா.”

“இவனுக்கென்ன வேதன? இவங்காட்டுலயா டவரு நிக்குது? எடுத்துரு.”

இரண்டாவதில் ட்ரம். நிமிடத்துக்கு ஒரு அடி, அது எங்கோ கிணற்றுக்குள் விழுந்ததுபோல் எதிரொலித்தது. “எக்கோவ அள்ளிக் கொட்டியிருக்கீங்க. ரெக்கார்டு பண்ணுன ரூம்பு செரியில்ல, அத மறைக்கத்தான?” என்றாள். பெங்களூரில் ரஞ்சித்குமார் போட்டுக் காட்டிய ஒருத்தரும் அதைக் கண்டுபிடித்திருக்கவில்லை.

மூன்றாவது பாட்டில் அவள் வாய் நின்றது. லைன் சத்தம் மட்டும் ஆரம்பித்தது. அது எந்த இடத்தில் கிடாராக மாறியது என்று அவளால் பிடிக்க முடியவில்லை. இருபது வருடமாக நூறடி தூரத்திலிருந்தே எந்த வயரில் கோளாறு என்று சொல்லும் காது அது. எழுந்துபோய் பாக்ஸ்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுருதி அச்சாக அதே சுருதி. பனி இறங்கினால் லைன் பொரியுமே, அந்தப் பொரிச்சல்கூட இடம் மாறாமல் இருந்தது. ஐந்து வருடமாக அவர்கள் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் மண்டையைக் குடையும் சத்தத்தை ஒருத்தன் தெரிந்துதான் வாசித்திருக்கிறான்.

நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. குப்பையாக இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். அக்காளின் முகத்தைப் பார்த்த தம்பிக்குக் குஷி தாங்கவில்லை. சத்தத்தை முழுசாகத் திருகினான். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

அப்போது வெளியே அப்பா ஓடிவந்தார். ஆடுகளை எங்கே விட்டாரோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகக் களத்துக்கு வந்து, காய்ந்துகொண்டிருந்த கேழ்வரகின்மேல் தார்ப்பாயை இழுத்து இழுத்துப் போர்த்தினார். வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் கிருஷ்ணப்பன் வானத்தைப் பார்த்து மழை சொல்வதை விட்டு ஐந்து வருடமாகிறது. காற்றில் ஈரம் ஏறினால் லைன் கத்தும். லைன் கத்தினால் தார்ப்பாய். அந்த வட்டாரத்தில் இப்போது எல்லோருக்கும் அதுதான் கணக்கு.

“பாத்தியாக்கா! அப்பாவே நம்பிட்டாரு!” ரஞ்சித்குமார் சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனான். “இதுக்கு மேல என்னக்கா விமர்சனம் வேணும்?”

“நிறுத்துடா நாயே!”

அவன் நிறுத்துவதற்குள் அவளே மெயின் சுவிட்சைத் தட்டினாள். சட்டென்று எல்லாம் அடங்கியது. வெயிலில் லைன் லேசாகத்தான் முனகும். அவ்வளவு சத்தம் கேட்ட காதுக்கு அந்த முனகல் எட்டவில்லை. களத்தில் குனிந்திருந்த அப்பா அப்படியே நிமிர்ந்தார். கையை நெற்றியில் வைத்துக்கொண்டு மேலே கம்பிகளைப் பார்த்தார். பிறகு கொட்டகை வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் வருடக்கணக்காகப் பார்த்ததில்லை.

“பாப்பா, நின்னுருச்சு பாரு. லைன நிறுத்திட்டானுங்களா? நம்ம மனுவப் பாத்துட்டாங்களா?”

அமுதவல்லிக்கு ஆத்திரம் வந்தது. யாரை அடிப்பது என்று தெரியாத ஆத்திரம் அது. தம்பியை, கம்பெனிக்காரனை, அந்தக் கேள்வியைக் கேட்க வைத்த தன் கையை.

“இல்லப்பா. லைன் ஓடிக்கிட்டுத்தான் இருக்குது. தம்பி பாட்டப் போட்டிருந்தான், அத நான் நிறுத்துனேன்.”

“பாட்டா?” அப்பா மறுபடி ஒருமுறை மேலே பார்த்தார். “நானு லைனுன்னு நெனச்சுட்டேன்,” என்று வெட்கத்தோடு சிரித்துவிட்டு, போர்த்திய தார்ப்பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

ரஞ்சித்குமார் போனைக் கீழே இறக்கியிருந்தான். “அக்கா, பேரு…” என்று இழுத்தான்.

“பாட்டு நல்லா இருக்குது. அந்த அலறல எடு, எக்கோவக் கொற, மூணாவதுல கைய வெக்காத. நீ நல்லாத்தான் வாசிக்கிற, அத நான் ஊரு முன்னாடிகூடச் சொல்லுவேன். ஆனா அவரு பேரு வேண்டாம். படமும் வேண்டாம்.”

“நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டு, ஏங்க்கா?”

“இத அம்பத்திரண்டு நிமிசம் கேட்டுட்டு ஒருத்தன் நிறுத்திருவான். நிறுத்திட்டுக் காப்பி குடிக்கப் போயிருவான். அப்பாவால அத நிறுத்த முடியுமா? அப்படி நிறுத்தறவன் கையில எங்கப்பன் பேரு இருக்கக் கூடாது. இப்ப அழி, நாம் பாக்கோணும்.”

அவன் போனில் அட்டைப் படத்தைத் திறந்தான். அப்பா படத்தை எடுத்துவிட்டு, பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். கடைசி எழுத்து போகும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள்.