நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் செல்வி அக்கா

மைக்செட் தொழில்ல பாட்டு நல்லா இருந்தா பாடுனவருக்குப் பேரு, கர்ர்னு இரைஞ்சா நமக்குப் பேரு. என்னை மாதிரி வயரும் கையுமா அலையுற மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட எனக்கு, ஆல்பம் அட்டையிலேயே பேரு போடுறோம்னு பெங்களூர்ல ஒரு சின்ன ஹவுஸ் மியூசிக் கம்பெனி சொன்னா சும்மா இருப்பேனா? அவுங்க வெளியிட்ட பதினஞ்சு பாட்டை, தாளம் பிசகாம ஒண்ணோட வாலை அடுத்ததோட தலையில ஒட்டி, எழுவது நிமிசம் நிக்காம ஓடுற மாதிரி மிக்ஸ் பண்ணித் தரணும். திண்டுக்கல்ல எங்க தெரு முழுக்கச் சொல்லிட்டேன். இனிமே கோட்டை விட்டா தெருவுல நடக்க முடியாது.

செட் டெஸ்ட்

கடையில மிக்ஸை ஓடவிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன். வளைகாப்புக்கு செட் பேச ஆத்தூர்ல இருந்து ஒரு பெரியவர் வந்தாரு. ஹவுஸ் மியூசிக்னா டும் டும்னு ஒரே சீரா அடிக்கும், பேச்சு வார்த்தை கம்மி. மனுசன் இருபது நிமிசம் அசையாம கேட்டாரு. ஆகா, ஒரு ரசிகர் சிக்கிட்டாருன்னு டீ வாங்கிக் குடுத்தேன். குடிச்சு முடிச்சுட்டுச் சொன்னாரு: "செட்டு நல்லா அடிக்குது தம்பி. டெஸ்ட் முடிஞ்சதும் ஒரு பாட்டு போடுங்க."

டீக்கு நிறுத்தாத லாரி

ஒட்டன்சத்திரத்துல இருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏத்துற டிரைவர் ஒருத்தர் நமக்குப் பழக்கம். லாரியில எப்படிக் கேக்குதுன்னு பாக்க பென்டிரைவைக் குடுத்துவிட்டேன். திரும்பி வந்தவர் முகத்துல அருளே இல்லை. "ஏனுங்க, பாட்டு முடிஞ்சா டீக்கு நிறுத்துறது என் வழக்கமுங்க. பொள்ளாச்சிக்குக் கொஞ்சம் முன்னாலதான் போட்டேன், முடிஞ்சதும் அங்க குடிக்கலாம்னு இருந்தேன், முடியவே இல்லீங்க, பாலக்காடே வந்திருச்சுங்க!"

திறந்திருந்த மைக்

கடைசிப் பதிவைப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியில கேட்டுக்கிட்டே பண்ணணும்னு ஆசை. மதியத்துக்குள்ள அனுப்பணும், அன்னைக்குப் பாத்து கல்யாண மண்டபத்துல வேலை. சரி, அங்கேயே பண்ணிருவோம்னு உக்காந்தேன். தாலி கட்டி முடிஞ்சு, பாதிக்கு மேல மிக்ஸ் ஓடிக்கிட்டிருக்கு. மண்டப சூப்பர்வைசர் செல்வி அக்கா வழக்கம்போல மைக்கை எடுத்து, "பந்தி போட்டாச்சு, சாப்பிடாதவுக எல்லாம் வாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. மைக்கு பதிவுலயும் சேந்திருந்ததை நான் பாக்கலை. பாக்காமலே அனுப்பியும் வச்சுட்டேன்.

சாயங்காலம் கேட்டா, நாற்பத்திரண்டாவது நிமிசத்துல அக்கா கணீர்னு பந்திக்குக் கூப்பிடுது. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலை. மூணாம் நாள் கம்பெனிக்காரப் பையன் போன் பண்ணி, அந்தக் குரல்தான் ஆல்பத்துக்கே உசுரு, அதை எடுத்துறாதீங்கன்னுட்டான். அக்காகிட்ட மட்டும் சம்மதம் வாங்கணுமாம்.

ஓடுனேன். அக்கா பூராத்தையும் கேட்டுச்சு, இடுப்புல கைய வச்சுச்சு. "நான் கூப்பிட்டா முந்நூறு பேரு எந்திரிச்சு வாராக. ஒம் பாட்டுக்கு ஒருத்தராச்சும் எந்திரிச்சாகளா? எம் பேரை மேல போடச் சொல்லு."

போட்டாங்க. எம் பேரு அதுக்குக் கீழ, சின்ன எழுத்துல. எனக்குச் சுருக்குனுதான் இருந்துச்சு.

காதுகுத்து

ஆல்பம் வெளிவந்த வாரம், அதே மண்டபத்துல ஒரு காதுகுத்து. செல்வி அக்கா லீவு. நம்ம ஆல்பத்தை நாமளே போடலேன்னா எப்படின்னு ஓடவிட்டுட்டு, வெளிய வயர் பாக்கப் போயிட்டேன். செத்த நேரம்னு நினைச்சது முக்கா மணி நேரம் ஆயிருச்சு.

உள்ள வந்தா மண்டபம் காலி. அத்தனை பேரும் சாப்பாட்டுக் கூடத்துல உக்காந்திருக்காக. மடியில இருந்த பிள்ளையைத் தூக்கிக்கிட்டு தாய்மாமனும் போயிட்டாரு. ஆசாரி மட்டும் ஊசியும் கையுமா மேடையில நிக்கிறாரு. இலை போடலை, தண்ணி வைக்கலை. பிரியாணி மாஸ்டர் காதர் பாய் கரண்டியோட என்னைத் தேடி வந்தாரு. "தம் போட்டு அஞ்சு நிமிசம் ஆகலை தம்பி, அதுக்குள்ள ஒம் பாட்டு பந்திக்குக் கூப்பிட்டுருச்சு. வந்தவுகளுக்கு ஒம் பாட்டையே பரிமாறு."

எது எப்படியோ, எம் பாட்டுக்கும் ஒரு மண்டபமே எந்திரிச்சுப் போச்சு, இதைச் செல்வி அக்காகிட்ட யாராச்சும் சொல்லுங்க.