அத்தையின் வீல்சேர் காணிக்கையான கதை

இதை எழுதணும் என்று நினைத்து நினைத்தே எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டேன். அப்பா இருக்கிற வரைக்கும் மனசு வரவில்லை. அவர் போன பிறகும், போனவரைப் பற்றி எழுதினால் பாவமோ என்று ஒரு பயம். பெரிய படிப்பு படித்தவள் இல்லை நான். தெரிந்த மாதிரி எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு, நான் ஆறாவது முடித்த லீவு. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் அப்பாவுக்குச் சூளையில் அடுக்குகிற வேலை. பகலெல்லாம் அங்கே தூக்குவார், வீட்டுக்கு வந்தால் அத்தையைத் தூக்குவார். அத்தை அப்பாவின் கூடப்பிறந்த தங்கச்சி. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் ரெண்டு காலும் விளங்காமல் போய்விட்டது. வீட்டில் இருந்தபடியே பீங்கான் பொம்மைக்குக் கண்ணும் புருவமும் எழுதிக் கொடுப்பார். வாசலுக்கு வரணும் என்றாலும் அப்பா வரணும். அப்பாவுக்கு இடுப்பு வலி. அவர் முனகாமல் தூக்குவார், அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு கனம் குறைக்கப் பார்ப்பார். ரெண்டு பேருமே களைத்துத்தான் இருந்தார்கள் என்பது இப்போது தெரிகிறது.

அந்த வருஷம்தான் எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் சொல்லி அத்தைக்கு ஒரு வீல்சேர் வந்தது. பழசுதான், ஒரு பக்கம் கை வைக்கிற இடம் கிழிந்திருந்தது. வந்த அன்றைக்கு அத்தை யாரையும் கூப்பிடாமல் தெருமுனை வரைக்கும் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். கடையில் ஒன்றும் வாங்கவும் இல்லை. சும்மா போனார், சும்மா வந்தார்.

வேளாங்கண்ணிக்குப் போகலாம் என்றது அப்பா. திரும்பும்போது தரங்கம்பாடி கடலையும் பார்க்கணும் என்றது அத்தை. எங்கே தங்குவது? எந்த லாட்ஜுக்குப் போனாலும் வாசலிலேயே படி. கக்கூஸ் கதவுக்குள் வீல்சேர் நுழையாது. அத்தை வெளியூர் என்றால் முந்தின நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார், அதனாலேயே எங்கும் போக மாட்டார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பொம்மை ஏற்றுகிற வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். "நம்ம ஊரு, ஊர் உலகத்துக்கெல்லாம் கக்கூஸு பீங்கான் செஞ்சு அனுப்புது, இவளுக்கு ஒண்ணு இல்லியா?" என்று சிரித்துவிட்டு வேலையில் இறங்கினார்.

முதலாளியிடம் கேட்டு வேனை வாங்கி, பொம்மை உடையாமல் இருக்கப் போடுகிற வைக்கோலைக் கூட்டித் தள்ளி, பாய் விரித்தார். ஒரு பிளாஸ்டிக் சேரில் ஓட்டை அறுத்து, கீழே வாளி வைத்து, மூலையில் அம்மாவின் பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டார். பின்பக்கம் இறங்குவதற்கு ரெண்டு நீளப் பலகையைச் சேர்த்து அடித்தார், வழுக்காமல் இருக்கக் குறுக்கே சட்டம் வைத்தார். அடுப்பு, அரிசி, குடம் எல்லாம் ஏற்றினோம். வண்டியே வீடாகப் போவது எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

சேத்தியாத்தோப்பில் டீக்கு நிறுத்தினார் மாமா. பலகையை இறக்கினார். அப்பா பழக்கத்தில் தூக்கக் குனிந்தார்.

"வுடுண்ணே. யாரும் தொடாதீங்க."

அத்தை சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டு இறங்கினார். கடைசியில் கொஞ்சம் வேகம் எடுத்துவிட்டது, அம்மா "மாதாவே" என்று கத்திவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. அத்தை நேராகக் கடைக்கு உருட்டிப் போய், "அஞ்சு டீ. ஒண்ணுல சக்கரை தூக்கலா" என்றார். கடைக்காரர் அப்பாவைப் பார்த்து, "அவங்களுக்கும் டீயா?" என்று கேட்டார். "சக்கரை தூக்கலா கேட்டதே நான்தாங்க" என்றார் அத்தை. மாமா சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. வெளியூரில் அத்தை ஒரு கிளாஸ் முழுக்க டீ குடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேளாங்கண்ணியில் ஒரு மரத்தடியாகப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். அம்மா பொங்கினார். அத்தை கோயிலுக்குப் போய் வந்தார், கடைவீதியில் எனக்கு வளையல் பேரம் பேசினார். கடல் பக்கம் மணலில் சக்கரம் புதைந்ததால் தூரத்திலிருந்தே பார்த்தார். "தரங்கம்பாடியில ரோட்டுலேர்ந்தே கிட்டக்க பாக்கலாமாம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அப்பா மட்டும் ஜெபமாலையும் கையுமாக முழங்காலிலேயே இருந்தார். அவர் அழுததைப் பார்த்து நானும் அழுது ஜெபித்தேன். அத்தை நடக்கணும் என்றுதான். வேறு எதற்கு அவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் நாங்கள் எழுந்தபோது அப்பா மொட்டை போட்டு, கடலில் குளித்து, தலையில் சந்தனத்தோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. வண்டிக்குள் பாயில் உட்கார்ந்தபடி அத்தை கேட்டார்: "அண்ணே, வீல்சேர் எங்க?"

"வச்சிட்டேம்மா."

"எங்க வச்சீங்க, பஞ்சர் ஒட்டவா?" என்றார் மாமா.

"மாதா காலடியில. குணமானவங்க சாமானெல்லாம் வைக்கிறாங்கல்ல, அதுங்களோட."

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மாமாவின் முகம் மாறிப்போனது.

"யாரக் கேட்டு வச்சீங்க மச்சான்?"

"மாதாவக் கேட்டுதான்."

"அதுல உக்காந்திருந்தவளக் கேட்டீங்களா? குணமானப்புறம்ல வைக்கிறாங்க!"

அப்பாவின் குரல் உடைந்தது. "அது இருக்கிற வரைக்கும் இவ எந்திரிக்க மாட்டா. நாம நம்பிக் குடுத்தாத்தான் அவங்க குடுப்பாங்க. எத்தினி வருசம் நான் தூக்குறது? நான் போயிட்டா யாரு தூக்குறது?"

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "குடுத்தத திருப்பி எடுப்பாங்களாடா? பாவம்டா!"

மாமா அத்தையைப் பார்த்து நின்றார். "நீ சொல்லு. வேணும்னு ஒரு வார்த்தை சொல்லு, ஓடிப்போயி எடுத்தாரேன்."

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அப்பாவும் பார்த்தார். மொட்டைத் தலையிலிருந்து சந்தனம் கரைந்து வழிந்து கண்ணீரோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை அவரையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"வேணாம். இருக்கட்டும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. எவ்வளவு பெரிய விசுவாசம் என்று நினைத்தேன். வண்டி கிளம்பியதும் எதிரில் உட்கார்ந்து, அத்தையின் கால் விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன். எந்த நிமிஷமும் அசையும், நான்தான் முதலில் பார்க்கணும் என்று. நாகப்பட்டினம் தாண்டியது, காரைக்கால் தாண்டியது. வழியில் மாமா ஒரு கடையில் நிறுத்தி, டீயை உள்ளேயே கொண்டுவந்து நீட்டினார். அத்தை வேண்டாம் என்று தலையாட்டினார்.

தரங்கம்பாடிக்குத் திரும்புகிற இடத்தில் மாமா வண்டியை ஓரம் கட்டி, "போவலாமா?" என்று கேட்டார். அப்பா உடனே, "நான் தூக்கிட்டுப் போயி காட்டுறேம்மா, தண்ணிகிட்டயே கொண்டாந்து வக்கிறேன்" என்றார்.

"வூட்டுக்குப் போயிடலாண்ணே. களைப்பா இருக்குது."

மாமா வண்டியை எடுத்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஸ்கூலில் எல்லாரிடமும் தரங்கம்பாடி போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அம்மாவிடம் சிணுங்கினேன்: "வண்டியில உக்காந்துகிட்டேதானே வந்தாங்க, அவங்களுக்கு என்னா களைப்பு?" அம்மா தொடையில் கிள்ளினார். அத்தை காதில் விழுந்திருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் அப்பா அவரைத் தூக்கி இறக்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் பேச்சு பரவிவிட்டது. தன் வண்டியையே மாதாவுக்குக் கொடுத்துவிட்டாளாம், இப்படி ஒரு விசுவாசம் உண்டா என்று. வீடு தேடி வந்து அத்தையின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டு. அத்தை மறுத்தும் பேசவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருப்பார். அடுத்த வீல்சேர் கிடைக்க நான் பத்தாவது முடிக்க வேண்டியிருந்தது. அதை அப்பா தினமும் துடைத்து வைப்பார். அந்தக் காணிக்கையைப் பற்றி அண்ணனும் தங்கச்சியும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இன்றைக்கு எனக்கும் குடும்பம் இருக்கிறது. என் மாமியாரை நான் தூக்குகிறேன். எனக்கு மாதா மேல் ஒரு குறையும் இல்லை, நேற்றும் ஜெபமாலை சொல்லிவிட்டுத்தான் படுத்தேன். ஆனால் நம்மைத் தூக்கித் தூக்கி ஓய்ந்த ஒருத்தர் முன்னால், அவர் கண்ணீரோடு நிற்கும்போது, எனக்கு அது வேணும் என்று கேட்க எவ்வளவு தெம்பு வேண்டும், கேட்காமல் அடக்கிக்கொள்ள அதைவிட எவ்வளவு தெம்பு வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு எங்கே தெரியும்? அது கால் விரலையே பார்த்துக்கொண்டு வந்தது.

எங்கள் பக்கத்தில் இந்தக் கதையை இன்னும் சொல்கிறார்கள். சில பேர் அத்தை எழுந்து ரெண்டு அடி நடந்ததாகவும் சேர்த்துக்கொள்கிறார்கள். இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொன்னால், நடந்தபடியே சொல்லுங்கள். அத்தை நடக்கவில்லை. அவராகக் கொடுக்கவும் இல்லை. அப்பா கெட்டவர் என்றும் தயவுசெய்து சேர்த்துவிடாதீர்கள், அவர் கெட்டவர் இல்லை. களைப்பாக இருக்கிறது என்று சொன்னாரே அத்தை, அதை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.